கூடப் பிறந்தவரைக் கண்டு பயம் வந்தால்?

அண்ணன்-தம்பி பகையைத் திகில் படம் ஆக்கிய வீணை வித்துவான்!

திண்டுக்கல் பூட்டு என்றால் நாடு முழுவதும் தெரியும். கையால் செய்யும் பூட்டு. கனமான பூட்டு. மாங்காய் போன்ற வடிவத்தில் இருப்பதற்கு "மாங்காய்ப் பூட்டு" என்றே பெயர். 2019-ம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "இது இந்த ஊர்ச் சரக்குத்தான்" என்பதற்கு அரசாங்கம் கொடுத்த முத்திரை அது.

இந்தப் பூட்டைப் போட்டுவிட்டு வெளியூர் போகலாம். நிம்மதியாகத் தூங்கலாம். திருடன் உள்ளே வரமாட்டான்.

சரி. நீங்கள் பயப்பட வேண்டிய ஆள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தால்? அவர் கையிலும் ஒரு சாவி இருந்தால்? அவர் உங்கள் அண்ணனாக இருந்தால்? அக்காளாக இருந்தால்?

அப்போது பூட்டு என்ன செய்யும்?

இந்த ஒரு கேள்வியை வைத்து உலகம் முழுவதும் திகில் படங்கள் எடுத்து இருக்கிறார்கள். தமிழிலும் எடுத்து இருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை எடுத்தவர் பெரிய வீணை வித்துவான். சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்தார். அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பேய் எங்கே இருக்கிறது?

பயங்கரப் படங்களில் இரண்டு வகை உண்டு.

ஒரு வகையில் பயம் வெளியில் இருந்து வரும். புளியமரத்தில் இருந்து வரும். பாழடைந்த பங்களாவில் இருந்து வரும். வெள்ளைப் புடவை கட்டி வரும்.

இன்னொரு வகையில் பயம் மனதுக்குள் இருந்து வரும். அங்கே பேய் இருக்காது. மனிதர்கள்தான் இருப்பார்கள். ஒருவர் மற்றவரைப் பார்க்கும் பார்வை சரியாக இராது. "இவர் நம்மை என்ன செய்யப் போகிறாரோ?" என்ற எண்ணம் வரும். பிறகு, "நமக்குத்தான் புத்தி தடுமாறுகிறதோ?" என்ற எண்ணம் வரும். இதை மனோதத்துவத் திகில் படம் என்று சொல்வார்கள்.

இந்த இரண்டாவது வகைக்கு உடன்பிறப்புகளின் கதை மிகவும் பொருந்தும். ஏன் தெரியுமா?

அடுத்த வீட்டுக்காரரைப் பிடிக்காவிட்டால் வேறு வீடு பார்க்கலாம். சிநேகிதன் சரியில்லை என்றால் விட்டுவிடலாம். அண்ணன்-தம்பியை அப்படி விட முடியுமா? நாம் தேடிக்கொண்ட உறவு அல்ல அது. பிறக்கும்போதே கூட வந்த உறவு.

இன்னொரு காரணமும் உண்டு. கூடப் பிறந்தவருக்கு நம்மைப் பற்றி எல்லாம் தெரியும். சின்ன வயதில் எந்த இருட்டைக் கண்டு அழுதோம் என்று தெரியும். எந்தச் சொல்லைச் சொன்னால் நம் மனம் உடையும் என்று தெரியும். அன்பு இருக்கும்வரை அது பாதுகாப்பு. அன்பு போய்விட்டால் அதுவே ஆயுதம்.

நம் மொழியிலேயே இது இருக்கிறது. "பங்காளி" என்ற சொல்லைப் பாருங்கள். பங்குக்கு உரியவர் என்பதுதான் அதன் பொருள். ஒரே பாட்டனாரின் வழியில் வந்தவர்கள் பங்காளிகள். ஆனால், "அவர்களுக்குள் பங்காளிச் சண்டை" என்றும் சொல்கிறோமே! பங்கும் அதில் இருக்கிறது. பகையும் அதில் இருக்கிறது.

ராமர் அண்ணன்! சீதை தங்கை!

நாம் சொல்ல வந்த வித்துவானின் பெயர் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ("எதிர்நீச்சல்", "அவள் ஒரு தொடர்கதை" எடுத்த கே. பாலசந்தர் வேறு, இவர் வேறு.)

இவர் 1927-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி சென்னையில் பிறந்தார். குருவிடம் பாடம் கேட்காமல், தானாகவே வீணை கற்றுக்கொண்டவர். பிற்காலத்தில் பல நாடுகளில் வாசித்தார். 1982-ல் "பத்மபூஷண்" விருது பெற்றார்.

இவருடைய சினிமா வாழ்க்கை அண்ணன், அக்காளோடுதான் தொடங்கியது. எப்படி என்று கேளுங்கள்.

1934-ல் "சீதா கல்யாணம்" என்ற தமிழ்ப் படம் வெளிவந்தது. மராட்டிய நாட்டில் புகழ் பெற்ற பிரபாத் கம்பெனி எடுத்த படம். பாலசந்தரின் அண்ணன் எஸ். ராஜம்தான் அதில் ராமர். அக்காள் ஜெயலட்சுமிதான் சீதை. தந்தை சுந்தரமய்யர் ஜனக மகாராஜா வேஷம் போட்டார். சிறுவன் பாலசந்தருக்கும் ஒரு சின்ன வேஷம் கிடைத்தது. ராவணனின் சபையில் கஞ்சிரா வாசித்தார்.

அண்ணன் ராமர், தங்கை சீதை! அந்தக் காலத்தில் பலர் முகம் சுளித்தார்கள். "உடன்பிறந்தவர்கள் எப்படிக் கணவன்-மனைவியாக நடிக்கலாம்?" என்று கேட்டார்கள்.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உடன்பிறப்பு என்ற உறவுக்கு நம் ஜனங்கள் ஒரு கோடு போட்டு இருக்கிறார்கள். அந்தக் கோட்டை நடிப்பில் தாண்டினால்கூட மனம் துணுக்குறுகிறது. திகில் படம் எடுப்பவர்கள் கை வைப்பது அந்தக் கோட்டின் மீதுதான்.

ராஜம் பிற்காலத்தில் பெரிய சங்கீத வித்துவானாகவும் ஓவியராகவும் விளங்கினார். 2010-ல் காலமானார்.

ஆவியாக வந்த உடன்பிறப்பு

14 ஆண்டுகள் கழிந்தன. 1948-ல் "இது நிஜமா?" என்ற படம் வந்தது. பாலசந்தருக்கு அதில் இரட்டை வேஷம்.

இரட்டைப் பிள்ளைகள். அவர்களில் ஒருவனைக் கொலை செய்துவிடுகிறார்கள். செத்தவன் சும்மா போகவில்லை. ஆவியாக வருகிறான். உயிரோடு இருக்கும் சகோதரனைத் தேடி வருகிறான். "என்னைக் கொன்றவர்களைப் பிடித்துக் கொடு" என்கிறான்.

ஆங்கிலத்தில் 1945-ல் வந்த "ஒண்டர் மேன்" என்ற படத்தைத் தழுவிய கதை இது. சிரிப்புப் படம். இதில் வரும் ஆவி நல்ல ஆவி. செத்த பிறகும் சகோதரனைத்தான் நம்பி வருகிறது.

இளம் வயதில் பாலசந்தர் காட்டிய உடன்பிறப்பு இதுதான். பிறகு வந்த படங்களில் நிலைமை மாறியது.

"என் பங்கைக் கொடு!"

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி. "அந்த நாள்" வெளிவந்தது. ஏ.வி.எம். தயாரித்தது. டைரக்டர் எஸ். பாலசந்தர். கதாநாயகன் சிவாஜி கணேசன்.

பாட்டே இல்லாத படம் இது! நடனம் கிடையாது. சண்டைக் காட்சி கிடையாது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு படம் எடுக்கப் பெரிய துணிச்சல் வேண்டும்.

இரண்டாவது உலக யுத்தம் நடக்கும் காலம். சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த 1943-ம் ஆண்டு. ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். யார் சுட்டது? துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள்.

சந்தேகம் யார் யார் மீது விழுகிறது? அந்தப் பட்டியலில் ராஜனின் சொந்தத் தம்பியும் இருக்கிறான். காரணம் என்ன? சொத்தில் பங்கு! "என் பங்கைக் கொடு" என்று தம்பி கேட்டான். அண்ணன் கொடுக்கவில்லை. தகராறு வந்தது.

பாருங்கள். கொலையாளி யார் என்பது கடைசியில்தான் தெரியும். ஆனால், தம்பி மீது சந்தேகம் வந்ததும் கொட்டகையில் யாரும் "சே! அப்படியும் இருக்குமா?" என்று கேட்கவில்லை. "இருந்தாலும் இருக்கும்" என்றுதான் நினைத்தார்கள். பங்குச் சண்டை என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும் அல்லவா?

"அந்த நாள்" ஆரம்பத்தில் வசூலில் சோபிக்கவில்லை. பாட்டு இல்லையே என்று ஜனங்களுக்கு ஏமாற்றம். ஆனாலும் மத்திய சர்க்காரின் தகுதிப் பத்திரம் கிடைத்தது. இன்று தமிழின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

சொந்தப் பணம்! சொந்தத் துணிச்சல்!

பிறர் பணத்தில் படம் எடுத்தால் பிறர் சொல்வதைக் கேட்க வேண்டும். "நாலு பாட்டு வையுங்கள்" என்பார்கள். "முடிவை மாற்றுங்கள்" என்பார்கள்.

பாலசந்தர் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். "எஸ்.பி. கிரியேஷன்ஸ்" என்று பெயர். "அவனா இவன்" (1962), "பொம்மை" (1964) ஆகிய மர்மப் படங்களை எடுத்தார். பிறகு எடுத்த படம்தான் "நடு இரவில்".

தயாரிப்பு பாலசந்தர். டைரக்ஷன் பாலசந்தர். சங்கீதம் பாலசந்தர். டாக்டர் வேஷத்தில் நடித்தவரும் பாலசந்தரே!

இப்படி ஒருவர் தம் பணத்தையும் தம் எண்ணத்தையும் மட்டும் நம்பி எடுப்பதைச் சுயேச்சைப் படம் என்று சொல்லலாம். இன்று செல்போனில்கூடப் படம் எடுக்கலாம். அன்று அப்படி அல்ல. பிலிம் வாங்க வேண்டும். ஸ்டூடியோ வாடகை கொடுக்க வேண்டும். நஷ்டம் வந்தால் வீடு போய்விடும்.

"நடு இரவில்" படத்தை வாங்க முதலில் ஆள் கிடைக்கவில்லை. பெட்டிக்குள் தூங்கியது. 1970-ல்தான் கொட்டகைக்கு வந்தது.

நடு இரவில் என்ன நடந்தது?

கதையைக் கேளுங்கள்.

தயானந்தம் பெரிய பணக்காரர். மேஜர் சுந்தர்ராஜன் அந்த வேஷத்தில் நடித்தார். தண்ணீர் சூழ்ந்த தீவு ஒன்றில் பெரிய மாளிகை. அங்கே அவரும் அவருடைய மனைவி பொன்னியும் இருக்கிறார்கள். பொன்னியாக நடித்தவர் சௌகார் ஜானகி. பொன்னிக்குச் சித்தம் சரியில்லை.

தயானந்தத்துக்கு உறவுக்காரர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஆனால், அவர் பொன்னியை மணந்துகொண்டது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. விலகிப் போய்விட்டார்கள். பல ஆண்டுகளாகப் பேச்சு இல்லை.

அப்போது டாக்டர் ஒரு செய்தி சொல்கிறார். தயானந்தத்துக்குக் கொடிய நோய். நாட்கள் எண்ணப்படுகின்றன.

சாகும் முன் சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டும் அல்லவா? அழைப்புப் போகிறது. எல்லோரும் வருகிறார்கள். இத்தனை ஆண்டுகள் வராதவர்கள் இப்போது மட்டும் ஏன் வந்தார்கள்? அண்ணன் உடம்பை நினைத்தா? அண்ணன் பெட்டியை நினைத்தா?

தீவில் எல்லோரும் கூடிவிட்டார்கள். இரவு வருகிறது. ஒருவர் கொலையாகிறார். பிறகு இன்னொருவர். வெளியே ஓட வழி இல்லை. சுற்றிலும் தண்ணீர். வெளியாள் யாரும் வரவும் இல்லை. அப்படியானால் கொலைகாரர் யார்? இந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர்களில் ஒருவர்தான்!

முடிவை நாம் சொல்லப் போவதில்லை. படம் பார்க்கப் போகிறவர்களின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது.

இங்கிலாந்து நாட்டு எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 1939-ல் ஒரு நாவல் எழுதினார். ஒரு தீவில் பத்துப் பேர் மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகச் சாகும் கதை. பாலசந்தருக்கு அது தூண்டுதலாக இருந்தது. ஆனால், அவர் ஒரு முக்கியமான மாறுதல் செய்தார். ஆங்கிலக் கதையில் தீவுக்கு வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் அன்னியர்கள். தமிழ்ப் படத்தில் வருகிறவர்கள் ஒரே குடும்பம்!

ஆங்கிலக் கதையைத் தமிழ்க் கதை ஆக்கியது இந்த மாறுதல்தான். நமக்கு அன்னியரைக் கண்டு வரும் பயத்தைவிட, பங்காளியைக் கண்டு வரும் பயம் பழகிய பயம்.

இதற்குப் பிறகு பாலசந்தர் படம் டைரக்ட் செய்யவில்லை. வீணையோடு வாழ்ந்தார். 1990-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி, கச்சேரிக்காக பிலாய் நகருக்குப் போன இடத்தில் காலமானார். "அந்த நாள்" வெளிவந்ததும் அதே ஏப்ரல் 13 தான்!

கிணற்றைப் பிரிக்க முடியுமா?

"அது சினிமா. பணக்காரர் கதை. நமக்கு என்ன?" என்று கேட்பவர்கள் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமிக்குப் போய்ப் பார்க்கலாம். வேடசந்தூர் பக்கம் போகலாம். வடமதுரை, ஒட்டன்சத்திரம் பக்கம் போகலாம்.

இங்கே விவசாயத்துக்குக் கிணறுதான் உயிர். தகப்பனார் ஒரு கிணறு வெட்டினார். பிள்ளைகள் நான்கு பேர். அவர் காலத்துக்குப் பிறகு நிலத்தை நான்காகப் பிரித்தார்கள். வரப்புப் போட்டார்கள். கிணற்றை என்ன செய்வது? அதை வெட்டிப் பிரிக்க முடியுமா?

முடியாது. ஆகவே, பத்திரத்தில் "நான்கில் ஒரு பங்கு" என்று எழுதினார்கள். அவர்கள் பிள்ளைகள் காலத்தில் அது எட்டில் ஒரு பங்கு ஆகும். இன்று உனக்கு முறை. நாளை எனக்கு முறை.

கமலை கட்டி இறைத்த காலத்தில் இரண்டு பேர் சேர்ந்தால்தான் தண்ணீர் வரும். அண்ணன் மாட்டை ஓட்டினான். தம்பி மடை திருப்பினான். மோட்டார் வந்தது. ஒரு விரலால் பொத்தானை அமுக்கினால் போதும். கூட ஆள் வேண்டியது இல்லை.

அப்புறம் என்ன? மின்சார இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? மோட்டார் ரிப்பேருக்கு யார் பணம் கொடுப்பது? என் முறையில் கரண்டு இல்லாமல் போனால் அந்த நேரத்தை யார் ஈடு செய்வது? கேள்வி மேல் கேள்வி.

கரண்டு ராத்திரியில் வந்தால் நடு இரவில் எழுந்து கிணற்றடிக்குப் போக வேண்டும். கையில் ஒரு டார்ச் லைட். அங்கே இருட்டில் இன்னோர் உருவம் நிற்கிறது. பேயாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நிற்பது தம்பி! பேச்சு இல்லாத தம்பி! அவன் எதற்கு வந்தான்?

பாலசந்தர் காட்டிய தீவும் இந்தக் கிணற்றடியும் வேறு வேறா?

எல்லாக் கிணற்றடியிலும் இப்படி நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. நாலு தலைமுறையாக முறை தவறாமல் இறைக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் செய்தியில் வருவதில்லை. அவ்வளவுதான்!

ஒரே முகம்! இரண்டு மனம்!

"நடு இரவில்" வந்து 29 ஆண்டுகள் கழித்து இன்னொரு படம் வந்தது. "வாலி" (1999). எஸ்.ஜே. சூர்யா டைரக்ட் செய்த முதல் படம். அஜித்குமாருக்கு இரட்டை வேஷம்.

அண்ணனுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. தம்பி அண்ணனைத் தெய்வமாக நினைக்கிறான். அந்த அண்ணன், தம்பியின் மனைவி மீதே ஆசை வைக்கிறான். அவளுக்கு மட்டும் அது தெரிகிறது. கணவனிடம் சொல்கிறாள். அவன் நம்ப மறுக்கிறான்.

இந்தப் படத்தின் பயங்கரம் எங்கே இருக்கிறது? அண்ணனின் கெட்ட எண்ணத்தில் பாதிதான். தம்பியின் குருட்டு நம்பிக்கையில் மறு பாதி. "என் அண்ணனைப் பற்றி அப்படிச் சொல்லாதே!" என்று கணவன் சொல்லும்போது அந்தப் பெண் தனி ஆள் ஆகிவிடுகிறாள். படம் பார்க்கும் பெண்களுக்கு அந்த நடுக்கம் நன்றாகத் தெரியும்.

2001-ல் "ஆளவந்தான்" வந்தது. கலைப்புலி எஸ். தாணு தயாரித்தார். கமல்ஹாசன் எழுதிய "தாயம்" என்ற தொடர்கதைதான் படமானது. டைரக்டர் சுரேஷ் கிருஷ்ணா. கமல்ஹாசனுக்கு இரட்டை வேஷம். ஒருவன் ராணுவ அதிகாரி விஜய். மற்றவன் மனநோய் விடுதியில் அடைபட்டவன் நந்து.

இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஒருவன் ஏன் இப்படி ஆனான்? மற்றவன் ஏன் அப்படி ஆகவில்லை? சின்ன வயதில் சிற்றன்னையிடம் அடிபட்டு வளர்ந்தவன் நந்து. பிரிந்து போய் வளர்ந்தவன் விஜய். ஒரே விதை, இரண்டு மண். சிறந்த தந்திரக் காட்சிகளுக்காக இந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது.

கடல் கடந்த சகோதரிகள்

பிற நாடுகளிலும் இதே கதைதான்.

அமெரிக்காவில் 1962-ல் ஒரு படம் வந்தது. "பேபி ஜேனுக்கு என்ன ஆயிற்று?" என்பது அதன் பெயரின் பொருள். வயதான இரண்டு சகோதரிகள். இருவரும் ஒரு காலத்தில் நடிகைகள். ஒருத்தி சக்கர நாற்காலியில் இருக்கிறாள். மற்றவள் சோறு போட வேண்டும். சாப்பாட்டுத் தட்டின் மூடியைத் திறந்தால் செத்த எலி! பெட்டி டேவிஸ், ஜோன் கிராபோர்ட் என்ற பெரிய நடிகைகள் நடித்தார்கள்.

1973-ல் பிரையன் டி பால்மா என்பவர் "சகோதரிகள்" என்ற படத்தை எடுத்தார். பெரிய ஸ்டூடியோக்களின் தயவு இல்லாமல் எடுத்த படம். ஒட்டிப் பிறந்த இரட்டைப் பெண்களின் கதை. கத்தியால் பிரித்த பிறகும் மனதால் பிரியாதவர்கள்.

2003-ல் தென் கொரியாவில் இருந்து "இரண்டு சகோதரிகளின் கதை" வந்தது. டைரக்டர் கிம் ஜீ-வூன். கொரியப் பாட்டிமார் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லும் பழைய கதைதான் மூலம். அதிலும் கொடுமைக்காரச் சிற்றன்னை உண்டு. நம் பாட்டி சொன்ன கதை போலவே இருக்கிறது அல்லவா?

ஊர் வேறு. மொழி வேறு. ஆனால், எல்லாக் கதைகளிலும் அடியில் இருப்பது ஒன்றே. "அவளுக்கு அதிகம் கொடுத்தார்கள். எனக்குக் குறைத்துவிட்டார்கள்!" அது சொத்தாக இருக்கலாம். அன்பாக இருக்கலாம். புகழாக இருக்கலாம்.

வியன்னா நகரத்தில் ஆல்பிரட் ஆட்லர் (1870–1937) என்ற மனோதத்துவ டாக்டர் இருந்தார். தம்பியோ தங்கையோ பிறந்ததும், மூத்த குழந்தை முடி இழந்த ராஜா போல ஆகிவிடுகிறது என்று அவர் விளக்கினார். நம் வீடுகளில் அந்த ராஜாவிடம் என்ன சொல்கிறோம்? "நீ பெரியவன். விட்டுக்கொடு!" மூன்று வயதுப் "பெரியவன்"!

ஒரு வார்த்தை: சித்தம் கலங்கியவர் கொலைகாரரா?

இந்தப் படங்களில் ஒரு குறை உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"நடு இரவில்" கொலை விழுந்ததும் எல்லோரும் பொன்னியைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். ஏன்? அவளுக்குச் சித்தம் சரியில்லையாம்! "ஆளவந்தான்" நந்துவும் அப்படித்தான்.

உண்மை என்ன? மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவது அபூர்வம். பிறரால் அவர்கள் கொடுமைப்படுவதுதான் அதிகம்.

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதியை மறக்க முடியுமா? ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் மனநோய் விடுதி ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. நோயாளிகளைச் சங்கிலியால் கட்டிப் போட்டு இருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களும் ஒருவருக்கு அண்ணன், ஒருவருக்குத் தங்கை.

"ஆளவந்தான்" அதே ஆண்டு நவம்பர் மாதம் வந்தது. திரையில் சங்கிலியை அறுத்துக்கொண்டு வரும் பைத்தியத்தைக் கண்டு பயந்தோம். நிஜத்தில் சங்கிலியை அறுக்க முடியாமல் செத்தவர்கள்தான் 28 பேர்.

வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லையா? இரவில் தூக்கம் இல்லையா? "யாரோ என்னைக் கொல்ல வருகிறார்கள்" என்று சொல்கிறார்களா? மந்திரித்துக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் காட்டலாம். 14416 என்ற இலவச டெலிபோன் எண்ணில் பேசலாம். 2022-ல் தொடங்கிய "டெலி மானஸ்" சேவை இது. தமிழில் பேசலாம், இரவிலும் பேசலாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பாலசந்தரின் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலில் அண்ணனும் அக்காளும் தம்பியும் ஒரே படத்தில் சேர்ந்து நடித்தார்கள். பிறகு சகோதரனுக்கு உதவி கேட்டு ஆவி வந்தது. பிறகு பங்கு கேட்டுத் தம்பி வந்தான். கடைசியில் சொத்துக்காகக் குடும்பமே தீவில் கூடியது. சில குடும்பங்களின் கதையும் இந்த வரிசையில்தான் நடக்கிறது. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவர்கள், நரைத்த வயதில் கோர்ட்டு வராந்தாவில் எதிர் எதிராக உட்கார்ந்து இருக்கிறார்கள்.

இதைத் தடுக்க முடியாதா? முடியும்.

முதலாவது: பிள்ளைகளை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். "அண்ணனைப் பார், எவ்வளவு மார்க்கு!" என்பது விளையாட்டுப் பேச்சு அல்ல. அது விதை.

இரண்டாவது: கண்ணை மூடும் முன்பே கணக்கைத் தெளிவாக எழுதி வையுங்கள். நிலம் யாருக்கு, கிணற்று முறை எப்படி, மோட்டார் செலவு யாருக்கு என்று பத்திரத்தில் இருக்கட்டும். எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசி எழுதுங்கள்.

மூன்றாவது: பெண் மக்களை மறக்காதீர்கள். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. ஆனால், அதற்கு முன்பே மணமாகிப் போன பெண்களுக்கு அது உதவவில்லை. 2005-ல் இந்தியா முழுவதற்கும் மத்தியச் சட்டம் வந்தது. மணமான பெண்ணுக்கும் உரிமை கிடைத்தது. அது பிறப்பால் வரும் உரிமை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. "அவளுக்குத்தான் நகை போட்டோமே" என்று சொல்லி, விவரம் சொல்லாமல் கையெழுத்து வாங்காதீர்கள். அந்தக் கையெழுத்தோடு அக்காள்-தம்பி உறவும் முடிந்துவிடும்.

நான்காவது: பேச்சை நிறுத்தாதீர்கள். சண்டை போடுங்கள், பரவாயில்லை. சத்தம் போட்டுச் சண்டை போடும் வீட்டில் திகில் கதைக்கு இடம் இல்லை. பேசாமல் இருக்கும் வீட்டில்தான் மனம் கண்டபடி கற்பனை செய்கிறது. அவன் வாசலில் நின்றால், "எதற்கு நிற்கிறான்?" அவன் சிரித்தால், "எதற்குச் சிரிக்கிறான்?" பேயை உண்டாக்குவது அந்த மௌனம்தான்.

கொட்டகையில் விளக்குப் போட்டதும் சினிமாப் பயம் போய்விடும். வீட்டுப் பயத்துக்கு விளக்குப் போட வேண்டியவர்கள் நாம்தான். பொங்கலுக்கு அக்காள், தங்கைக்குச் சீர் கொண்டு போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கரும்பையும் மஞ்சள் கொத்தையும் வாசலில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடி வராதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள். "எப்படி இருக்கே, அக்கா?" என்று கேளுங்கள். பதிலைச் சொல்லி முடிக்கும்வரை இருந்து கேட்டுவிட்டு வாருங்கள்.